தலைக்கு மேல் ஓர் உமி மெத்தை

அவளுக்குக் கோணி ஊசி என்று பட்டப்பெயர் வைத்தது அவளுடைய புருஷன்தான். ஒரு சாண் நீளத்தில், நுனி கொஞ்சம் வளைந்து, சாக்கு தைக்கிற அந்த ஊசியைக் கொண்டையில் செருகிக்கொண்டுதான் அவள் சமைப்பாள், தண்ணீர் பிடிப்பாள், சண்டையும் போடுவாள். "குத்துறதுக்கு ஊசி எதுக்கு, இவ வாயே போதும்" என்பான் அவன். நாலு பேர் இருக்கும்போது சத்தமாகச் சொல்வான், அவள் மட்டும் இருந்தால் கொஞ்சம் மெதுவாகச் சொல்வான். அவள் மெத்தை தைக்கிறவள். பதினாறு வயதில் ஒரு மெத்தைக் கடைக்குப் பஞ்சு அடிக்கப் போனவள், முப்பது வருஷத்தில் ஊரில் பாதிப் பேரைத் தன் தையல்மேல் படுக்க வைத்துவிட்டாள். அவளும் புருஷனும் மட்டும் இன்னும் பாயில்தான் படுக்கிறார்கள்.

வீடு என்றால் ஒரே அறை. தண்ணீர் வாரியம் தன் ஆட்களுக்குக் கட்டிக்கொடுத்த பன்னிரண்டு அறை வரிசையில் ஏழாவது. சுவர் செங்கல், தரை சிமென்ட், தலைக்கு மேல் தகரம். காலை எட்டு மணிக்கே தகரம் டக் டக் என்று சொடுக்குப் போட ஆரம்பிக்கும். பதினொரு மணிக்கு உள்ளே நிற்க முடியாது. இரண்டு மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அடுப்பு வாயைத் திறந்து முகத்துக்கு நேரே பிடித்த மாதிரி இருக்கும். இந்தக் கூரைக்கு வரைபடம் போட்ட புண்ணியவான் யாரோ, அவரை ஒரு கோடை முழுக்க இதற்குள் குடிவைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. நியாயமான ஆசைதான்.

புருஷனுக்கு வாரியத்தின் பம்ப் ஹவுஸில் ராத்திரி வேலை. மூன்று மோட்டார்கள் காதுக்குள் இரைகிற இடத்தில் இருபது வருஷம் உட்கார்ந்தவனுக்குச் சத்தம் என்பதே மறந்துபோய்விட்டது. பகலில் படுத்தானென்றால் பக்கத்தில் வெடி வைத்தாலும் எழமாட்டான். அவனை எழுப்பக்கூடியது ஒன்றே ஒன்றுதான், வெயில். இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு மதியம் அதுவும் எழுப்பவில்லை.

அவள் கடையிலிருந்து மூன்று மணிக்கு வந்தபோது கண் செருகிக் கிடந்தான். தொட்டால் சுட்டது. வியர்வை ஒரு சொட்டு இல்லை. என்னவோ மோட்டார் வால்வு பற்றி உளறிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்தார் ஐஸ் டிப்போவுக்கு ஓடி ஒரு பாளத்தைச் சாக்கோடு தூக்கி வந்தார்கள். அவள் சம்மட்டியால் பாதியை உடைத்து எடுத்து அவன் கழுத்திலும் அக்குளிலும் வைத்தாள். வண்டி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய், எட்டு நாள் கிடந்து, பிழைத்தான். டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சுற்றி வளைக்காமல் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படிச் சூடு ஏறிச்சுன்னா இங்க தூக்கிட்டு வர வேண்டிய அவசியம் இருக்காது." பகல் வேலைக்கு மாற்றச் சொல்லி அவன் எழுதிப் போட்டான். காலியிடம் இல்லை என்று பதில் வந்தது. ராத்திரி வேலை என்றால் பகலில் தூங்கியாக வேண்டும். தூங்க இருப்பது அந்தத் தகரத்துக்குக் கீழேதான்.

அவன் விழுந்த அன்று சாயங்காலம், துணிமணி எடுக்க அவள் அறைக்கு வந்தாள். உடைத்துப் போட்ட ஐஸ் துண்டுகள் எல்லாம் எப்போதோ உருகி, காய்ந்து, தரையில் சுவடுகூட இல்லை. மூலையில் அந்தச் சாக்கு கிடந்தது. கையை விட்டாள். உள்ளே உமி. உமிக்குள் மீதிப் பாளம், முழங்கை நீளத்துக்கு, ஜில்லென்று இருந்தது. அந்த அறையில், அந்த வெயிலில், மூன்று மணி நேரம் கழித்து. அவளுக்கு அழுகை வந்ததா ஆத்திரம் வந்ததா என்று அவளுக்கே தெரியாது. "ஐஸுக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லையா?" என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

வரிசைக்குப் பின்னாலேயே அரிசி ஆலை. ஆலைக்குப் பின்னால் உமி மலையாகக் குவிந்து கிடக்கும். அதை எப்படி ஒழிப்பது என்று தெரியாமல் ஆலைக்காரர்கள் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவார்கள். அதுவும் ஒழுங்காக எரிந்து தொலையாது. வாரக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே புகைந்து, அந்தப் புகையெல்லாம் பன்னிரண்டு அறைக்குள்ளும் வரும். அவள் பத்துச் சாக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது ஆலைக் கணக்கர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "மலையையே எடுத்துக்கம்மா" என்றார்.

முதல் மெத்தையில் அவள் செய்த தப்பை முப்பது வருஷம் பஞ்சு மெத்தை தைத்தவள் மட்டும்தான் செய்ய முடியும். கட்டில் அகலத்துக்குச் சாக்குத் துணியில் உறை தைத்து, மூன்று விரல் கனத்துக்கு உமியைப் பரப்பி, அங்கங்கே ஊசியை மேலிருந்து கீழாக இறக்கி முடிச்சுப் போட்டாள். மெத்தைக்கு எல்லாரும் போடுகிற புள்ளித் தையல்தான். அதைக் கூரையின் இரும்புக் குழாய்களில், தகரத்துக்கு அடியில் ஒட்ட இழுத்துக் கட்டினாள். பார்க்க அம்சமாக இருந்தது. பதினோராம் நாள் புருஷன் அதற்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மெத்தை நடுவில் வயிறு தள்ளி, தள்ளி, படாரென்று வாயைப் பிளந்தது. அவன் தலை, தோள், தட்டு எங்கும் உமி கொட்டிற்று.

"ஏய் ஊசி" என்றான் அவன், கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு. "இதுல சோறு எங்க இருக்குன்னு நீயே தேடிக் குடு."

அவள் சிரிக்கவில்லை. தட்டை வாங்கி வைத்துவிட்டு, கிழிந்த உறையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பஞ்சு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். நாலு முடிச்சுப் போட்டால் போதும், நகராது. உமிக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது. ஒவ்வொன்றும் தனி ஆள். சரிவு கண்ட பக்கம் ஓடிவிடும். அது ஓடாமல் இருக்க வேண்டுமென்றால் முடிச்சு போதாது, சுவர் வேண்டும். அடுத்த மெத்தையை அறை அகலத்துக்கு, சாண் அளவுக் கட்டம் கட்டமாகத் தைத்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் உமியை நிரப்பி, அழுத்தி, வாயைத் தைத்த பிறகுதான் அடுத்த கட்டம். ஒரு மெத்தைக்கு நூற்றுச் சொச்சம் கட்டம். விரல் நுனியெல்லாம் சல்லடையாகிவிட்டது.

பிறகு எலி வந்தது. உமியோடு கலந்திருந்த நொய்யைத் தேடி வந்தது. அதற்கு உமியை மூன்று தடவை புடைத்தாள். சுண்ணாம்புத் தண்ணீரில், தட்டார் நகை பற்றவைக்கப் போடுகிற வெங்காரத்தையும் கரைத்து, உமியையும் சாக்கையும் ஊறப்போட்டு வெயிலில் காயவைத்தாள். எலி முகர்ந்து பார்த்துவிட்டு வேறு வீடு பார்த்துக்கொண்டது. அப்படி ஊறிய உமி தீக்குச்சிக்கும் மசியவில்லை. தகரத்தோடு ஒட்டிக் கட்டினால் சூடு மெத்தைக்குள் இறங்குகிறது என்று தெரிந்ததும் ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டி, இரண்டு ஓரத்திலும் காற்றுப் போக வழி விட்டாள். அடுப்புக்கு மேலே மட்டும் கட்டவில்லை. தைரியம் வேறு, கிறுக்குத்தனம் வேறு என்று அவளுக்குத் தெரியும்.

அந்தக் கோடை முழுக்கப் புருஷன் பகலில் தூங்கினான். குறட்டை விட்டுத் தூங்கினான். அந்தக் குறட்டையைக் கேட்டே மூன்றாம் நம்பர்க்காரன் வந்து தன் கைக்குழந்தைக்கு ஒன்று கேட்டான். அடுத்த கோடைக்குள் ஏழு அறைகளில் உமி மெத்தை ஏறியது. உறையைத் தைத்தது அவள். புடைக்க, ஊறவைக்க, நிரப்ப எல்லாம் அந்தந்த வீட்டுப் பெண்கள்.

எட்டாம் நம்பர்க்காரி மட்டும் அசையவில்லை. அடுத்த அறைதான், ஆனால் அவள் ரகமே வேறு. வாசலில் ஒரு இலை கிடந்தாலும் துடைப்பத்தோடு வந்து நிற்கிறவள். "வீதியில கிடக்கிற குப்பையைத் தலைக்கு மேல கட்டிக்கிட்டு, அதுக்குக் கீழ நான் சாப்பிடணுமா? வேர்த்தா வேர்க்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இது வாரியத்தின் காதுக்கு எட்டியது. ஓவர்சியர் வந்தார். கையில் ஃபைல், பையில் வெப்பமானி. காலை ஒன்பதரை மணி. வாரியத்தில் வெளிவேலை எல்லாம் பத்து மணிக்குள் முடிந்துவிட வேண்டும், வெயில் ஏறினால் அதிகாரிகள் உள்ளே போய்விட வேண்டும் என்பது வழக்கம். வெயிலைப் பற்றிய விசாரணைக்கும் அதே வழக்கம்தான். ஏழாம் நம்பரில் பார்த்தார், எட்டாம் நம்பரில் பார்த்தார், இரண்டையும் குறித்துக்கொண்டார். "இது தீப்பிடிக்குமேம்மா" என்றார். அவள் ஒரு பிடி உமியையும் தீப்பெட்டியையும் அவர் கையில் கொடுத்து, "கொளுத்துங்க சார்" என்றாள். அவர் அஞ்சு குச்சி கிழித்தார். உமி ஓரத்தில் கறுத்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. தீப்பெட்டியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தீப்பெட்டி போனது போனதுதான்.

பத்து நாளில் தாள் வந்தது. 'அனுமதியின்றிக் கூரையில் கட்டப்பட்டுள்ள உமி மூட்டைகளால் அறை வெப்பத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏதும் காணப்படவில்லை. மேற்படி மூட்டைகள் எதிர்வரும் திங்கட்கிழமை அகற்றப்படும்.'

புருஷன் படித்துக் காட்டியபோது அவளுக்கு அகற்றப்படும் என்பதைவிட மூட்டை என்பதில்தான் முதலில் கொதித்தது. "மூட்டையாம்! நூத்துப் பத்துக் கட்டம் தைச்சிருக்கேன், மூட்டையாம்!" பிறகுதான் மற்றது உறைத்தது. கோடை உச்சத்துக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் தாளை மடித்து ஜன்னல் கம்பியில் செருகிவிட்டு, "விடு, பம்ப் ஹவுஸ்லயே ஒரு ஓரமாப் படுத்துக்கிறேன்" என்றான். அந்தக் கூரையும் தகரம்தான். இரண்டு பேருக்கும் தெரியும். அவள் தாளைக் கம்பியிலிருந்து உருவி மேலும் கீழும் பார்த்தாள். "நான் தைச்சதை அவுக்கிறவன் இன்னும் பொறக்கலை" என்றாள்.

வழி காட்டியது எட்டாம் நம்பர்க்காரிதான், தெரியாமல். மின்சாரம் போகும்போது ஏற்ற அவள் கடன் வாங்கிப்போயிருந்த மெழுகுவர்த்தியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். "என்ன மெழுகுவர்த்தி வாங்குறே நீ? அலமாரியில சாய்ச்சு வெச்சிருந்தேன், ஏத்தவே இல்லை, அதுக்குள்ள கூனிப் போச்சு பாரு." அதே பாக்கெட்டில் மீதியிருந்தவை இந்த அறை அலமாரியில் விறைப்பாகச் சாய்ந்திருந்தன. கோணி ஊசி அந்தக் கூன் விழுந்த மெழுகுவர்த்தியை வாங்கி ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னொரு பாக்கெட் வாங்கி வெக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஜீப் வந்து ஓவர்சியரையும் ஏணியோடு இரண்டு வேலையாட்களையும் இறக்கிவிட்டுப் போயிற்று. இரண்டு பேரில் ஒருவன் மூன்றாம் நம்பர்க்காரன். யாரை எங்கே குடிவைத்திருக்கிறோம் என்று வாரியத்துக்கு நினைவில்லை. அவன் ஏணியின் பின்பக்கம் மறைந்துகொண்டு நின்றான். கோணி ஊசி ஏழாம் நம்பர் வாசலை அடைத்தமாதிரி நின்றாள். உள்ளே புருஷன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து படுத்திருந்தான்.

"அவுக்கலாம் சார். ரெண்டு மணிக்கு."

"என்னது?"

"உங்க தாள்ல நாள் போட்டிருக்கு, நேரம் போடலை. நாளை மாத்துங்கன்னு நான் சொல்லலை. மதியம் ரெண்டு மணிக்கு ஏணி உள்ள வரட்டும். அதுக்கு முன்னாடி வராது."

"நீங்க அரசாங்க வேலையைத் தடுக்கிறீங்கம்மா. போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

"கூப்பிடுங்க. அவங்களையும் ரெண்டு மணிக்கே வரச் சொல்லுங்க."

வரிசை நெடுக வாசல்களில் பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. ஒவ்வொருத்தியும் தன் தன் நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான். ஓவர்சியர் ஜீப் போன திசையைப் பார்த்தார். இரண்டரைக்குத்தான் அது திரும்பி வரும்.

"அதுவரைக்கும் எங்கம்மா உக்காருறது?"

எட்டாம் நம்பர்க்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. "எங்க வீட்டுக்கு வாங்க சார். குப்பை கிப்பை ஒண்ணும் கிடையாது. சுத்தமா இருக்கும்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அப்போதுதான் கோணி ஊசி புதுப் பாக்கெட்டை அவர் கண்ணெதிரே பிரித்து இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்தாள். "இதுல உங்க கையெழுத்தைக் கீறுங்க சார், ரெண்டுலயும்." பொழுது போகட்டும் என்று அவரும் பேனா முனையால் கீறிக் கொடுத்தார். ஒன்றை எட்டாம் நம்பர் அலமாரியில் சாய்த்து வைத்தாள், இன்னொன்றைத் தன் அலமாரியில் அதே உயரத்தில், அதே சாய்வில்.

பதினொரு மணிக்கு ஓவர்சியர் மேல்பொத்தானைக் கழற்றினார். பன்னிரண்டு மணிக்கு நாற்காலியைக் கதவோரம் நகர்த்தினார். ஒரு மணிக்கு ஃபைல் விசிறியாகிவிட்டது. எட்டாம் நம்பர்க்காரி மரியாதைக்குக்கூட உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்து சுவர் நிழலில் நின்றாள். ஒன்றரைக்கு அவரும் எழுந்து வந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோணி ஊசி ஒரு செம்புத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள். அவர் அண்ணாந்து குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து கேட்டாள்:

"ஏன் சார் வெளிய வந்துட்டீங்க? வித்தியாசம் இல்லைன்னு எழுதின வீடுதானே?"

நிலைப்படிகளில் சிரிப்பு ஓடிற்று. அவருக்குக் காது சிவந்தது. ரோஷக்காரர், பாவம், திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தார்.

சரியாக இரண்டு மணிக்கு அவளே போய்க் கூப்பிட்டாள். "நேரமாச்சு. வாங்க, அவுக்கலாம்."

அந்த அறையிலிருந்து இந்த அறைக்கு ஆறு எட்டு வைத்தால் போதும். ஓவர்சியர் ஏழாம் நம்பர் நிலைப்படியைத் தாண்டியதும் நின்றுவிட்டார். மலைப்பிரதேசம் ஒன்றும் இல்லை, அதுவும் சூடான அறைதான். ஆனால் மனுஷன் இருக்கக்கூடிய சூடு. பாயில் அவளுடைய புருஷன், ஈ மொய்க்காமல் ஒரு துண்டை மார்வரை இழுத்துவிட்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நம்பர்க்காரன் ஏணியைச் சாய்த்து, கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏறினான். மெத்தை ஓரத்தைத் தாண்டித் தகரத்துக்கும் அதற்கும் நடுவில் தலையை விட்டான். விட்ட வேகத்தில் இழுத்துக்கொண்டான். கீழே இறங்கி, கத்தியைத் தரையில் வைத்தான்.

"மேல முகத்தைக் காட்ட முடியலை சார். இதை அவுத்தா அது அப்படியே இவர் மேல இறங்கும்." வாசல் பக்கம் கையைக் காட்டினான். "அடுத்து மூணாம் நம்பர். அது என் வீடு. என் குழந்தை தூங்குது. நீங்க என்ன எழுதிக்கிட்டாலும் சரி, என் கை வராது."

மற்ற வேலையாள் ஏணியை வெளியே எடுக்கவே ஆரம்பித்துவிட்டான். ஓவர்சியர் நெற்றியைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. தணிந்த குரலில் சொன்னார்: "சரிம்மா. ஆள் வரலை, வேலை நடக்கலைன்னு எழுதிடுறேன். இந்த வருஷம் ஓடிடும்."

வேறு யாராக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள். வாசலில் நின்ற ஒன்றிரண்டு பேர் கும்பிடவும் செய்தார்கள். அவள் மட்டும் தலையைக் குறுக்கே ஆட்டினாள்.

"வேணாம் சார்."

"என்ன வேணாம்?"

"ஆள் வந்தாங்க. ஏணி வந்துச்சு. நீங்க வந்து அஞ்சு மணி நேரம் வெந்தீங்க. இதையெல்லாம் இல்லைன்னு எழுதி என் மெத்தை தப்பிக்க வேணாம். அடுத்த வருஷம் வேற ஓவர்சியர் காலையில ஒன்பதரைக்கு வருவாரு. நான் எத்தனை பேரை உக்கார வெக்கிறது? வித்தியாசம் இல்லைன்னு எழுதினீங்களே, அதை அடிங்க."

"மேலதிகாரி கையெழுத்துப் போட்ட தாளை நான் அடிக்க முடியாதும்மா."

"அப்ப அதுக்குக் கீழ எழுதுங்க. இடம் இருக்கு, நான் பாத்தேன்."

அவர் அவளைப் பார்த்தார், பாயில் தூங்குகிறவனைப் பார்த்தார், ஃபைலைத் திறந்தார். நின்றபடியே எழுதினார். மணி இரண்டு பத்து என்று எழுதினார். எட்டாம் நம்பரில் வைத்த மெழுகுவர்த்தி வளைந்தது, ஏழாம் நம்பரில் வைத்தது வளையவில்லை என்று எழுதினார். அவள் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். 'உமி மூட்டை' என்று அவர் படித்த இடத்தில், "மெத்தை" என்றாள். மூட்டையை அடித்து மெத்தை என்று எழுதினார்.

"எழுதிட்டேன். ஆனா ஆபீஸ்ல இதை யாரு நம்புவாங்க? எதுக்கும் ஒரு இணைப்பு வேணும்பாங்க."

அவள் எட்டாம் நம்பருக்குள் போய் அந்த மெழுகுவர்த்தியை எடுத்து வந்தாள். தலை தொங்கி, கும்பிடு போடுகிற மாதிரி இருந்தது. அவர் கீறிய கையெழுத்து அடியில் அப்படியே இருந்தது. தன்னுடையதையும் எடுத்தாள், அது நேராக இருந்தது. கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள், மெத்தை நூலைக் கோத்தாள். ஃபைலின் அட்டையை மடியில் வைத்து, இரண்டு மெழுகுவர்த்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, அட்டையோடு சேர்த்துத் தைத்தாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று இடத்தில், அவிழாத முடிச்சு. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஃபைலை அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க சார், இணைப்பு."

அந்த ஃபைல் பிறகு எந்த அலமாரியிலும் தட்டையாக அடங்கவில்லை. யார் மேஜைக்குப் போனாலும் இது என்ன என்று கேட்டார்கள், கீழே எழுதியிருந்ததைப் படித்தார்கள், அகற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உத்தரவு இன்றைக்கும் ரத்தாகவில்லை. பன்னிரண்டு அறையிலும் மெத்தை தொங்குகிறது. எட்டாம் நம்பரில் தொங்குவதற்கு மட்டும் பூப்போட்ட துணி உறை. அது இல்லாமல் கட்ட விடமாட்டேன் என்று அந்த வீட்டுக்காரி ஒற்றைக் காலில் நின்றாள்.

அன்றைக்கு ஜீப் போன பிறகு கோணி ஊசி வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் நெற்றியில் புறங்கையை வைத்தாள். ஈரமாக, சாதாரணமாக இருந்தது. அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து மணிக்கு அவன் புரண்டு, சோம்பல் முறித்துக் கண்ணைத் திறந்தான்.

"ஏய் ஊசி, அவுக்க வர்றாங்கன்னு சொன்னியே, வந்தாங்களா?"

"வந்தாங்க."

"எப்போ?"

"ரெண்டு மணிக்கு."

அவன் மேலே பார்த்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றான். "நல்லாத் தூங்கிட்டேன் போல."